இனிப்பே தொடாத அப்பாவுக்குச் சர்க்கரை நோய் எப்படி வந்தது?

போன வியாழக்கிழமை நடந்தது இது. நீடாமங்கலம் பக்கம் எனக்கு ஒரு சின்ன உரக்கடை. குறுவைக்கு மேலுரம் போடுகிற நேரம் என்பதால் காலையிலிருந்தே ஆட்கள் வந்தபடி இருந்தார்கள், பதினோரு மணி வாக்கில்தான் கொஞ்சம் ஓய்ந்தது. அப்போது பக்கத்து ஊர் மாமா ஒருவர், உறவில்லை, பழக்கத்தில் மாமா, ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ரெண்டு பாக்கெட் ஜிங்க் வாங்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். நடக்கும்போதே இடது கால் செருப்பு கழன்று கடை வாசலிலேயே கிடக்கிறது. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். அந்த வெயிலில் தார் ரோடு எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. "மாமா, செருப்பு!" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தார், அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் செருப்பு இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இதே மாதிரி ஒரு செருப்பை எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு வருஷத்துக்கு முன் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சுகர் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். "நமக்கெல்லாம் ஏது தம்பி அது, வெயில்ல கெடக்குற ஒடம்பு" என்றார். எங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள், முடிந்தால் வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அப்பாவுக்குப் பதினைந்து மா நிலம். ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான ஆள், வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கும். இனிப்பு பிடிக்காது. தீபாவளிக்கு அம்மா சுடும் அதிரசத்தில் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டால் அதோடு சரி. டீயில் கூடச் சர்க்கரை குறைத்துத்தான் கேட்பார். ஒரு நாள் சாயங்காலம் வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா தரையைப் பார்த்துவிட்டு "என்னங்க ரத்தமா இருக்கு?" என்று அலறினாள். செருப்பைக் கழற்றிப் பார்த்தால் கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு வந்து பெருவிரலுக்கு அடியில் ஏறி நிற்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முள்ளோடு அன்று முழுக்க நடந்திருக்கிறார், வரப்பில் ஏறி இறங்கியிருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார்.

முள்ளை எடுத்து மஞ்சள் வைத்துக் கட்டினோம். பத்து நாளில் புண் ஆறுவதற்குப் பதில் கறுத்தது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை 384. மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறார்களே அது 11.2. அங்கே ஒரு சின்ன சோதனை செய்தார்கள், அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார்கள். தொடும்போதெல்லாம் "தொட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். வலது காலில் பத்து இடம் தொட்டிருப்பார்கள். அப்பா ரெண்டு தடவை சொன்னார். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் தொடலையா?" என்று கேட்டபடி படுத்திருந்தார். சர்க்கரை கால் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியே இல்லாமல் செய்திருந்தது.

ரெண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். வார்டில் படுத்திருந்தபோது அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, நான் இனிப்பே தொட்டதில்லையே, ஒக்காந்து சாப்பிட்டவனும் இல்லையே, எனக்கு எப்படி வந்துச்சு?" அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு கடையில் உட்கார்ந்து படித்ததும் டாக்டர்களைத் தொந்தரவு செய்து கேட்டதும்தான் இதில் எழுதுவது.

முதலில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையில் இருக்கிற டாக்டர் மோகன் குழுவோடு சேர்ந்து நாடு முழுக்க ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. 2008இலிருந்து 2020 வரை, ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரம் பேரைப் பரிசோதித்து, 2023இல் மொத்த முடிவும் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது கரையில் நிற்கிறவர்கள், 13.6 கோடிப் பேர். நாட்டுச் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாடு 14.4. பெரியவர்களில் ஏழு பேரை நிற்க வைத்தால் ஒருவருக்கு இருக்கிறது. புதுச்சேரி 26.3, நான்கில் ஒருவருக்கு மேல். நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்தால் காரைக்கால், அது புதுச்சேரிக் கணக்கில் சேர்ந்தது. புதுச்சேரியில் பெரும்பகுதி நகரம் என்பதால் இந்த ரெண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் வாஞ்சூருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சோறு, ஒரே மீன் குழம்பு, ஒரே கல்யாணச் சம்பந்தம் என்பதை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

"அது டவுன்காரன் வியாதி" என்பவர்களுக்கு இன்னொன்று. அதே ஆய்வின் முதல் கட்ட முடிவு 2011இலேயே வந்தது. தமிழ்நாட்டில் நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8 சதவீதம். அப்போதே கிராமத்தில் பதிமூன்று பேரில் ஒருவர். நகரத்தைவிடக் குறைவுதான், ஆனால் இல்லாத வியாதி என்று சொல்கிற அளவுக்குக் குறைவில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறு. முதியோர் பற்றிய தேசியக் கணக்கெடுப்பில், 45 வயதுக்கு மேல் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது, அப்படி இருந்தவர்களில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அப்பா அந்த ரெண்டு பேரில் ஒருவராகத்தான் எத்தனை வருஷமோ இருந்திருக்கிறார். கால் மரத்துப்போகிற அளவுக்கு வந்திருக்கிறது என்றால் சர்க்கரை பல வருஷமாகவே உடம்பில் ஓடியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அத்தனை வருஷமும் அவருக்கு வலியில்லை, காய்ச்சலில்லை. ராத்திரி ரெண்டு மூன்று தடவை எழுந்திருப்பார், வயசாகிறது என்று நினைத்தோம். தண்ணீர் நிறையக் குடிப்பார், வெயிலில் போய்வருகிறார் என்று நினைத்தோம்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

கடையில் விதை நிறுக்க ஒரு எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "எப்பவும் போடுற மாதிரி போடும்மா" என்று சொல்லி, அம்மா என் தட்டில் சோறு போடப் போட நிறுத்தேன். குழம்புக்கு 290 கிராம். ரசத்துக்கு 140. மோருக்கு 90. மதியம் ஒரு வேளைக்கு வெறும் சோறு மட்டும் 520 கிராம். "அப்பா சாப்பிட்டதெல்லாம் இதுல ஒன்றரைப் பங்குடா" என்றாள் அம்மா. ராத்திரியும் சோறு, காலையில் பழையது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இருபத்தோரு நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்த ஒரு ஆய்வு 2020இல் வந்தது. நாளைக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறவர்களையும் 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுகிறவர்களையும் ஒப்பிட்டார்கள். அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது, அதிலும் நம் தெற்காசியாவில் அறுபது சதவீதம் அளவுக்குக் கூடுதல். 450 கிராம் ஒரு நாளைக்கு! நான் அதை ஒரு மதியத்திலேயே தாண்டிவிட்டேன்.

சோறும் சர்க்கரைதான் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு ஒப்பாது, எனக்கும் முதலில் ஒப்பவில்லை. நெல் விளைகிற மண்ணில் பிறந்து, நெல்லுக்கு உரம் விற்றுச் சாப்பிடுகிறவன் நான். ஆனால் மாவுச்சத்து வயிற்றில் போய் உடைந்தால் கடைசியில் ரத்தத்தில் ஏறுவது குளுக்கோஸ்தான், அது அல்வாவிலிருந்து வந்ததா அரிசியிலிருந்து வந்ததா என்று ரத்தத்துக்குத் தெரியாது. அதிலும் இப்போது நாம் சாப்பிடுகிற அரிசி பாட்டி காலத்து அரிசி இல்லை. அப்போது நெல்லை வீட்டில் அவித்து, காயவைத்து, உரலில் குத்துவார்கள், தவிடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இப்போது மில்லில் பட்டை பட்டையாகத் தீட்டி, பளபளவென்று முத்து மாதிரி வந்தால்தான் நல்ல அரிசி என்கிறோம். தீட்டத் தீட்ட நார்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு இலவச அரிசிதான் எல்லாத்துக்கும் காரணம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசமாக வருகிறது, அதற்கு முன்னால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வேலை இல்லாமல் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் உலை ஏறாமல் இருந்தது என்று எனக்குத் தெரியும். பசி போனது நல்லது. இனி தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் பருப்பும் காயும் முட்டையும் மீனும் கூட வேண்டும், சோறு அந்த அளவுக்குக் குறைய வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

"நான் ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டேன்" என்பவர்கள் நிறைய. நானும் மாறினேன். குருமாவோடு நாலு சப்பாத்தி. நான் முன்னே சொன்ன அந்த தேசிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது, அதில் நம் நாட்டில் ஒருவர் சாப்பிடும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு அதே அளவுக்குக் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, மாவின் மொத்த அளவு குறைந்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரிப் புரதம் வந்தால்தான் குறைகிறது. மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருப்புக் கவுனிக்கும் இதே கதைதான். நெல் ஜெயராமன் ஐயா ஆதிரெங்கத்தில் அந்த விதைகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தது பெரிய காரியம், அந்த நெல்லை நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். தீட்டாமல் சாப்பிட்டால் வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் "கவுனி சாப்பிட்டா சுகர் போயிடும்" என்று ரெண்டு தட்டு சாப்பிட்டால் மீட்டர் ஏறத்தான் செய்யும், நான் குத்திப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். தாத்தா இதைவிட அதிகச் சோறு சாப்பிட்டாரே, அவருக்கு ஏன் வரவில்லை? தாத்தா என்ன வேலை செய்தார் என்று பாருங்கள். விடியுமுன் அண்டை வெட்டப் போவார். நாற்று பறித்து, முடி கட்டி, சேற்றில் இறங்கித் தலைச்சுமையாக நடவு வயலுக்குக் கொண்டுபோவார். அறுப்பென்றால் கதிரை அரிந்து கட்டுக் கட்டி, வரப்பிலேயே ஓட்டமும் நடையுமாகக் களத்துமேட்டுக்குத் தூக்கி, அங்கே ராத்திரி வரை அடிப்பு. வேலை செய்கிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானாக இழுத்துக்கொள்ளும். அதற்கு இன்சுலின் உதவி கூட அவ்வளவாகத் தேவைப்படாது. அந்த மலை மாதிரிச் சோறு அந்த உழைப்புக்காகப் போட்டது.

இப்போது என்ன நடக்கிறது? உழவுக்கு டிராக்டர். நடவுக்கு மிஷின், இல்லையென்றால் நேரடி விதைப்பு. களைக்கு மருந்து, அதையும் நான்தான் விற்கிறேன். அறுப்புக்கு பெல்ட் மிஷின் வந்தால் ஒரு ஏக்கர் ஒரு மணி நேரத்தில் மூட்டை பிடிக்கத் தயார். கால் புண் வருமுன் பத்து வருஷம் அப்பா செய்த வேலை, வண்டியில் வாய்க்கால் வரை போய், மடை திறந்து, பார்த்துவிட்டு வருவது. வெயிலில் இருந்தார் என்பது உண்மை. வெயிலில் இருப்பது உழைப்பு ஆகிவிடாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது புரியவில்லை. பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம், நடவும் களையும் போனதில் கூலியும் போனது, உடம்பின் அசைவும் போனது. வேலை போய்விட்டது, தட்டு அப்படியே இருக்கிறது.

இதோடு உடம்புவாகு வேறு சேருகிறது. அப்பா ஒல்லி என்றேனே, ஒல்லியாக இருந்தால் வராது என்பது நம் ஆட்களுக்குப் பொருந்தாது. புனேயில் யாஜ்னிக் என்று ஒரு டாக்டர், அவரும் யூட்கின் என்ற ஆங்கிலேய டாக்டரும் 2004இல் தங்கள் ரெண்டு பேர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். ரெண்டு பேருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றேதான், 22.3. ஆனால் ஆங்கிலேயருக்கு உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. கை கால் குச்சியாக இருக்கும், கொழுப்பெல்லாம் வயிற்றுக்குள். அப்பாவை அப்படியே படம் பிடித்த மாதிரி இருந்தது அதைப் படித்தபோது. தாய் வயிற்றில் இருக்கும்போதே சத்துக் குறைவாகக் கிடைத்து, எடை குறைவாகப் பிறந்து, பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது இந்த உடம்புவாகு வருகிறது என்று யாஜ்னிக் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். பாட்டி அப்பாவைச் சுமந்த காலத்தில் வீட்டில் என்ன சாப்பாடு இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். கேழ்வரகுக் கூழும் நண்டும் என்றாள், அதுவும் கிடைத்த நாளில்.

பரம்பரை தனி. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடும், ரெண்டு பேருக்கும் இருந்தால் இன்னும் கூடும். என் தங்கைக்குப் பிரசவ நேரத்தில் சர்க்கரை வந்தது, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது, அதோடு எல்லாரும் மறந்துவிட்டோம். மறக்கக் கூடாது. அப்படி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று, 140ஐத் தொட்டால் சர்க்கரை என்று, அந்த எளிய முறையை வலியுறுத்திக் கொண்டுவந்தவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அந்தச் சோதனை வேண்டாமென்று சில மாமியார்கள் தடுப்பதைப் பார்த்திருக்கிறேன், "வயித்துப் புள்ளைக்காரிக்கு இவ்வளவு சக்கரைத் தண்ணியா" என்று. தடுக்காதீர்கள்.

கோயில்வெண்ணி எங்களுக்குப் பக்கத்தில்தான். கரிகாலன் போர் செய்த வெண்ணி, தேவாரம் பாடிய தலம், சாமி பெயர் கரும்பேஸ்வரர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்து பிராகாரத்தில் எறும்புக்குப் போடுவார்கள், எறும்பு தின்னத் தின்ன வியாதி குறையும் என்று நம்பிக்கை. முன்பெல்லாம் அந்தக் கோயிலில் நாலு பேரைப் பார்த்தாலே அதிகம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ கார்கள் வந்து நிற்கின்றன. இந்த வியாதி எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எனக்கு அந்தக் கார்களே போதும். அம்மாவும் நானும் போய் ரவை போட்டோம். அந்த எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. பழைய வைத்திய நூல்களில் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, சொன்ன அடையாளமே, சிறுநீரில் எறும்பு மொய்ப்பது. அதாவது ரத்தப் பரிசோதனை இல்லாத காலத்தில் எறும்புதான் பரிசோதனை. வயக்காட்டில் ஒதுங்குகிற மனுஷருக்கு எறும்பு வந்ததா இல்லையா என்று யார் பார்ப்பது?

சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சித்தப்பா ஒருவர் யாரோ விற்ற பொடியை நம்பி, "இங்கிலீஷ் மாத்திரை கிட்னியை அடிச்சிடும்" என்று எட்டு மாதம் எல்லாத்தையும் நிறுத்திவிட்டார். மருந்தில்லாமல் ஏறிக்கிடக்கிற சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது, கண்ணையும் கெடுக்கிறது. இப்போது அவருக்கு இடது கண்ணில் பேப்பர் எழுத்து தெரியவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, பொடி விற்றவர் மேலும், எட்டு மாதம் கவனிக்காமல் இருந்த எங்கள் மேலும்.

டாக்டர் மோகன் குழு 2005இல் ஒரு மதிப்பெண் கணக்குச் சொன்னது, நூறுக்கு. ஊசி வேண்டாம், ஒரு இஞ்ச் டேப் இருந்தால் போதும். வயசு 35க்குக் கீழ் சைபர், 35இலிருந்து 49 வரை 20, ஐம்பதுக்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தொட்டால் 10, 100 தொட்டால் 20. பெண்களுக்கு 80 தொட்டால் 10, 90 தொட்டால் 20. உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் ரெண்டுமே இருந்தால் சைபர், ஏதாவது ஒன்று இருந்தால் 20, ரெண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம், உடனே ரத்தம் பார்க்க வேண்டும்.

எனக்குப் போட்டேன். வயசு 43, இருபது. பேன்ட் சைஸ் 34 என்பதால் தைரியமாகத்தான் டேப்பைச் சுற்றினேன், பேன்ட் வயிற்றுக்குக் கீழே நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது; தொப்புள் மட்டத்தில் 96 சென்டிமீட்டர், பத்து. கல்லாவில் உட்கார்ந்த வேலை, முப்பது. அப்பா, பத்து. மொத்தம் எழுபது. மறுநாளே ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 112, குளுக்கோஸ் குடித்து ரெண்டு மணி நேரத்தில் 168, மூன்று மாதச் சராசரி 6.1. வெறும் வயிற்றில் 126, அல்லது ரெண்டு மணி நேரத்தில் 200, அல்லது சராசரி 6.5 வந்தால் சர்க்கரை நோய். நான் கரையில் நிற்கிறேன்.

கரையில் நிற்கிறவர் எல்லாரும் விழுந்தே தீர வேண்டும் என்றில்லை. சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு இதே மாதிரிக் கரையில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006இல் முடிவு சொன்னார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது, நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு வந்தது. முழுக்கத் தடுக்கவில்லைதான். ஆனால் நூறில் பதினாறு பேர் என்பது எங்கள் தெருவில் எனக்குப் பெயர் சொல்லித் தெரிந்த மனிதர்கள். இப்போது நான் கடைக்கு நடந்துதான் போகிறேன், ராத்திரி சாப்பிட்டதும் அம்மாவோடு கோயில் குளத்தைச் சுற்றி மூன்று சுற்று. மதியச் சோறு 200 கிராம். முதல் மாதம் பசித்தது, பொய் சொல்ல மாட்டேன். சுண்டலும் முட்டையும் சேர்த்த பிறகு சரியாகிவிட்டது.

ரத்தம் பார்க்கக் காசு வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அம்மா எங்கள் தெருவுக்குப் பிரஷர் பார்க்கிற மிஷினும் சர்க்கரை பார்க்கிற மீட்டரும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருகிறார், இருக்கிறவர்களுக்கு மாத்திரையும் கொடுக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் அவரிடம் சொல்வதை நான் காதாலே கேட்டிருக்கிறேன், "எனக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அடுத்த வீட்டுக்குப் போ." விரலை நீட்ட ஒரு நிமிஷம். அப்பாவின் ரெண்டு விரலை நினைத்துக்கொண்டு சொல்கிறேன், நீட்டுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறவர்கள் தினம் ராத்திரி காலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைக்கிறாள், அப்பா அதன் மேல் பாதத்தைப் பிடித்துக் காட்டுகிறார், அம்மா டார்ச் அடித்து விரல் இடுக்கு வரை பார்க்கிறாள். செருப்பைப் போடுமுன் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுகிறாள். வெறுங்காலில் சேற்றில் இறங்குவதை அப்பா விட்டுவிட்டார். அவருக்கு அதுதான் பெரிய துக்கம், மடை திறக்கும்போது வரப்பிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. பீடியையும் விட்டார், கால் ரத்தக்குழாய்க்கு அதுவும் எமன்.

அந்த ஜிங்க் பாக்கெட் மாமாவுக்குக் கடையிலேயே டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். 94. வயசு ஐம்பதுக்கு மேல், அவர் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததாம், வேலைக்கு வண்டியிலேயே போய்வருகிறார், மொத்தம் எண்பது வந்தது. ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். "சரி தம்பி, எப்பப் போலாம்?" என்றார். நாளைக் காலை ஆறரைக்கு நானே வண்டியில் கூட்டிப்போகிறேன். டீ கூடக் குடிக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.